தமிழ்த் திரையில் நீண்ட வாசகங்களை எங்கே வெட்டுவது, எப்படிச் சுருக்குவது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். பணம் அனுப்பவும் பயணச்சீட்டு எடுக்கவும் உதவும் ஒரு கைபேசிச் செயலியை ஆங்கிலத்தில் வடிவமைத்து முடித்துவிட்டீர்கள். தமிழைச் சேர்த்ததும் பொத்தான்களில் எழுத்து பிதுங்குகிறது, பட்டியல்களில் பாதி வரிகள் மூன்று புள்ளிகளில் போய் முடிகின்றன. "தமிழில் எத்தனை எழுத்துக்குப் பிறகு வெட்டலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு எண்ணை எதிர்பார்த்துக் கேட்டிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: எந்த வாசகத்தை வெட்டவே கூடாது, எதை வெட்டலாம், அந்த வேலையை மொழி தெரிந்த மனிதர் செய்ய வேண்டுமா, அகலம் மட்டும் தெரிந்த நிரலிடம் விடலாமா என்பது. பதினோரு ஆண்டுகளாகச் செயலிகளுக்குத் தமிழ் வாசகம் எழுதுவதும், எழுதியதைத் திரையில் பார்த்துத் திருத்துவதும்தான் என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், எனக்குத் துளியும் ஐயமில்லாத ஒன்று. தமிழ் வாக்கியத்தில் தீர்ப்பு கடைசியில் இருக்கிறது. வினை கடைசியில் வரும். அந்த வினைக்குள்ளும் காலம், இடம் (தன்மை, முன்னிலை, படர்க்கை), எதிர்மறை எல்லாம் வால் பகுதியில் ஒட்டும். ஆங்கில வாக்கியத்தின் வாலை வெட்டினால் பெரும்பாலும் விவரம்தான் போகும். தமிழில் விஷயமே போய்விடும். "பணம் அனுப்பப்பட்டது", "பணம் அனுப்பப்படவில்லை" என்ற இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். "பணம் அனுப்பப்ப" என்பது வரை இரண்டும் ஒன்றே. அங்கே வெட்டி மூன்று புள்ளி வைத்தால் போனதற்கும் போகாததற்கும் ஒரே முகம்.

இது வெறும் இலக்கணக் கவலை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பணப் பரிமாற்றச் செயலியின் தமிழ்ப் பதிப்பைச் சரிபார்க்க ஒரு காய்கறிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் 340 ரூபாய் அனுப்பினார். கடைக்கார அம்மாவின் கைபேசி சிறியது. கண் சரியாகத் தெரியாததால் எழுத்தளவை வேறு பெரிதாக்கி வைத்திருந்தார். அறிவிப்புப் பட்டையில் "உங்கள் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட…" என்று வந்தது. அவர் தலையசைத்துவிட்டுப் பையை எடுத்துக் கொடுத்தார். அந்த வாக்கியம் "வைக்கப்படவில்லை" என்று முடிவது திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வாடிக்கையாளர் இன்னும் தெருமுனையில் நின்றிருந்ததால் அன்று நட்டமில்லை. அந்த வாசகத்தை மறுபரிசீலனை செய்து ஒப்புதல் தந்தவர்களில் நானும் ஒருவன். கணினித் திரையில் முழு வாக்கியமாகப் பார்த்து ஒப்புதல் தந்திருந்தேன். அன்று முதல் எந்த வாசகத்தையும் அது நிற்கப்போகும் பெட்டிக்குள் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே, நிலையைச் சொல்லும் வாசகங்களில், அதாவது வந்தது, போனது, ஏற்றது, மறுத்தது, காலாவதியானது என்று சொல்லும் எதிலும், முப்புள்ளிக்கு இடமே கொடுக்காதீர்கள். அங்கே வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டும். "வெற்றிகரமாக அனுப்பப்பட்டது", "அனுப்பப்படவில்லை" என்று நீட்டாமல் "பணம் போனது", "பணம் போகவில்லை" என்று எழுதலாம். இன்னும் இடம் குறைவென்றால் தீர்ப்பைத் தலைக்குக் கொண்டுவந்து பெயர்ச்சொல்லாக்குங்கள்: "தோல்வி: ₹340", "வரவு: ₹340", "நிலுவை: ₹340". முதல் எழுத்திலிருந்தே வேறுபடும் சொற்களாக எடுப்பது முக்கியம். "ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை" என்ற இணையைவிட "ஏற்பு, மறுப்பு" என்ற இணை எவ்வளவு குறுகிய பெட்டியிலும் பிழைத்துக்கொள்ளும். விவரம் பின்னால் வரட்டும்; அறுபட்டாலும் விவரம்தான் அறுபடும்.

இரண்டாவதாக, தமிழ் நீளமானது என்ற புகாரையே கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். மொழிபெயர்த்தால் வாசகம் நீளும் என்பது பொதுவாக உண்மை. ஐபிஎம் நிறுவனத்தின் பழைய வழிகாட்டி ஒன்றை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு மேற்கோள் காட்டுகிறது: ஆங்கிலத்தில் 10 எழுத்துக்குள் இருக்கும் வாசகத்துக்கு அதன் நீளத்தில் 200 முதல் 300 சதவீதம் வரை இடம் விடச் சொல்கிறது, 70 எழுத்துக்கு மேல் போனால் 130 சதவீதம் போதும் என்கிறது. அந்தக் கணக்கு ஐரோப்பிய மொழிகளை மனத்தில் வைத்துப் போட்டது; ஆனால் சிறிய வாசகம்தான் அதிகம் வீங்கும் என்ற போக்கு தமிழிலும் அப்படியே இருக்கிறது. உங்கள் பொத்தான்கள் பிதுங்குவது அதனால்தான். இருந்தாலும் அந்த வீக்கத்தில் பாதி மொழியால் வந்தது அன்று, மொழிபெயர்ப்பால் வந்தது. "சேமி" என்று இரண்டு எழுத்தில் முடிவதைச் "சேமிக்கவும்" என்று எழுதுகிறோம். "பதிவிறக்கு" போதுமான இடத்தில் "பதிவிறக்கம் செய்யவும்" என்கிறோம். "ரத்து" போதும், "ரத்து செய்யவும்" வேண்டாம். "மீண்டும் முயற்சிக்கவும்" என்பதை "மீண்டும் முயல்க" என்று சுருக்கலாம். "வெற்றிகரமாக" என்ற சொல்லை நான் கண்ட இடத்திலெல்லாம் நீக்கிவிடுகிறேன். சேமித்தாயிற்று என்றால் வெற்றிகரமாகத்தான் சேமித்தாயிற்று. "உங்கள்", "தயவுசெய்து", "என்பதை", "செய்யப்பட்டுள்ளது" ஆகிய நான்கையும் ஒரு நாள் உட்கார்ந்து களையெடுத்தால் உங்கள் திரைகளில் பாதிப் புள்ளிகள் தாமாகவே மறைந்துவிடும்.

இங்கே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். "அனுப்பு", "நீக்கு", "தேடு" போன்ற ஏவல் வடிவங்கள் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாக அரசு, வங்கி சார்ந்த வேலைகளில் "-வும்" விகுதியை வலியுறுத்துவார்கள். என் கருத்து வேறு. பொத்தானில் இருப்பது செயலி பயனருக்கு இடும் கட்டளை அன்று, பயனர் செயலிக்கு இடும் கட்டளை. அதற்கு ஏவலே பொருத்தம். பயனரைப் பார்த்துப் பேசும் இடத்தில், "கடவுச்சொல்லை உள்ளிடவும்" என்பது போன்ற இடத்தில், மரியாதை வடிவம் கட்டாயம் வேண்டும். நடுவழி தேடுபவர்களுக்கு வியங்கோள் இருக்கிறது: "அனுப்புக", "நுழைக", "தேடுக". மரியாதையும் கெடாது, "-வும்" அளவுக்கு நீளவும் நீளாது. இதில் எது சரி என்று சட்டம் கிடையாது. ஒன்றைத் தேர்ந்து செயலி முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். பயணச்சீட்டுத் திரையில் உங்களுக்கு அதிகத் தொல்லை தருவது இதுவாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏழின் பெயர் "திரு" என்று தொடங்குகிறது: திருவள்ளூர், திருவண்ணாமலை, திருவாரூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பூர், திருப்பத்தூர். வாலை வெட்டினால் "திருவ…" என்பது திருவள்ளூரா திருவண்ணாமலையா? "திருப்ப…" என்பதைப் பார்த்துத் திருப்பத்தூர் என்று கண்டுகொள்வதற்குள் பஸ் போய்விடும். சென்னை மெட்ரோவில் 2020இல் நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டினார்கள். சென்ட்ரல் நிலையத்தின் பெயர் "புரட்சித் தலைவர்" என்று தொடங்குகிறது, கோயம்பேடு பேருந்து நிலையத்தை ஒட்டிய நிலையத்தின் பெயர் "புரட்சித் தலைவி" என்று தொடங்குகிறது. "புரட்சித் தலை…" என்று வெட்டும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே. பயணியை வழி நடத்தும் "சென்ட்ரல்" போன்ற சொல் பெயரின் பின்பாதியில் இருக்கிறது. இதுபோன்ற பெயர்களுக்கு நிரல் எழுதாதீர்கள், அட்டவணை எழுதுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் முழுப் பெயர் ஒன்று, குறும்பெயர் ஒன்று என இரண்டு களங்கள். பட்டியலில் குறும்பெயர், சீட்டில் முழுப் பெயர்.

குறும்பெயரை எங்கே தேடுவது என்று தயங்க வேண்டாம். நம் முன்னோர் அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் கோவையானது, திருநெல்வேலி நெல்லையானது, தஞ்சாவூர் தஞ்சையானது, நாகப்பட்டினம் நாகையானது, உதகமண்டலம் உதகையானது, புதுச்சேரி புதுவையானது. இதற்கு மரூஉ என்றே இலக்கணத்தில் பெயர் உண்டு. மரூஉ வாலை வெட்டுவதில்லை. நடுவில் இருப்பதைக் கரைத்து, முன்னும் பின்னும் இழுத்துக் கட்டி, தானே ஒரு முழுச் சொல்லாக நிற்கிறது. கோவை என்பதற்குப் பின் யாரும் மூன்று புள்ளி தேடுவதில்லை. கோயம்புத்தூர் ஏழு எழுத்து, கோவை இரண்டே எழுத்து. பஸ் முகப்புப் பலகை எழுதுபவர்கள் காலங்காலமாக இந்தச் செல்வத்தைத்தான் செலவழிக்கிறார்கள். எச்சரிக்கை ஒன்று: வழக்கில் இல்லாத மரூஉவை நாமாகச் செய்யக் கூடாது. வழக்கில் இருப்பவையும் எல்லோருக்கும் தெரிந்தவை அல்ல. குடந்தை என்றால் கும்பகோணம் என்பது டெல்டாவில் வளர்ந்தவருக்குத் தெரியும், தர்மபுரி இளைஞருக்குத் தெரியும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். தேடல் பெட்டியில் மட்டும் இரண்டு பெயரில் எதைத் தட்டினாலும் ஊர் கிடைக்க வேண்டும்.

நாள், மாதப் பெயர்களிலும் இதே பாடம்தான். நம் நாள்காட்டிகள் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று அச்சிடுகின்றன. உயிர்மெய்யை உடைக்காமல் முழு எழுத்தாக எடுப்பதால்தான் வியாழனும் வெள்ளியும் பிரிந்து நிற்கின்றன. வெறும் "வ" என்று எடுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். வ.உ.சி. என்று எழுதும்போதும் சிதம்பரத்திலிருந்து நாம் எடுப்பது "சி", "ச" அன்று. மாதங்களில் ஓரெழுத்துச் சுருக்கம் வேலைக்கு ஆகாது, ஜூனும் ஜூலையும் ஒரே "ஜூ"வில் மோதிக்கொள்ளும். அவை ஏற்கெனவே குட்டையானவை, முழுதாகவே விட்டுவிடுங்கள்.

இது அப்படியே உங்கள் நிரலாளர் கவனிக்க வேண்டிய இடத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறது. பயனர் படம் இல்லாதபோது வட்டத்துக்குள் முதல் எழுத்தைக் காட்டுகிறீர்கள் அல்லவா? கோமதிக்கு "க" என்றும் சௌந்தர்யாவுக்கு "ச" என்றும் காட்டினால் அது பிழை. "கோ", "சௌ" என்றே வர வேண்டும். காரணம், கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் தரநிலையான யூனிகோடில் "கோ" என்பது "க" ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். "வணக்கம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஏழு குறியீடு, அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். தரவுத்தளத்தில் ஒரு களத்தை 30 பைட் என்று வரையறுத்திருந்தால் அதில் பத்துக் குறியீடுதான் அடங்கும். பைட் கணக்கில் நடுவில் அறுத்தால் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் தோன்றும். குறியீட்டுக் கணக்கில் அறுத்தால் இன்னும் நயவஞ்சகமான பிழை வரும், ஏனென்றால் அது பிழை போலவே தெரியாது. "மின் கட்டணம் செலுத்து" என்பதைப் பதினோராவது குறியீட்டில் அறுத்தால் "மின் கட்டணம…" என்று புள்ளி தொலைந்து நிற்கும். ஓகாரக் குறியைச் சில கோப்பு அமைப்புகள் ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அப்படிச் செய்தது. அந்த இடத்தில் அறுத்தால் "போ" என்பது "பே" ஆகிவிடும்.

இதற்குத் தீர்வு தெளிவானது. நிரலில் எழுத்தை எண்ண வேண்டிய கட்டாயம் வந்தால் குறியீட்டை எண்ணாமல் யூனிகோடு வரையறுத்த எழுத்துக் கொத்தை, அதாவது கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் குறியீடுகளின் சேர்க்கையை, எண்ணுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter) அதற்காகவே இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே கொத்துகளைத்தான் எண்ணும். பைத்தானின் லென் (len) குறியீடுகளை எண்ணும், நம்பாதீர்கள். கொத்தும் முழுத் தீர்வு அன்று. "ஸ்ரீ", "க்ஷ" இரண்டையும் நாம் ஓரெழுத்தாகப் பார்க்கிறோம், யூனிகோடு விதி அவற்றை ஸ் + ரீ, க் + ஷ என்று இரண்டு கொத்தாகப் பிரிக்கும். அந்த இரண்டுக்கும் தனியாக ஒரு விலக்கு எழுதிக்கொள்ள வேண்டும்.

அதைவிட நல்லது, எழுத்தை எண்ணவே எண்ணாமல் இருப்பது. "ர" எடுக்கும் அகலம் வேறு, "ணை" எடுக்கும் அகலம் வேறு. பத்து எழுத்து என்று வரம்பு வைத்தால் ஒரு பெயர் பெட்டியில் பாதியில் நிற்கும், இன்னொன்று வெளியே வழியும். வெட்டும் வேலையைக் காட்சி அடுக்கிடம், அதாவது வாசகத்தைத் திரையில் வரையும் பகுதியிடம், விடுங்கள். சிஎஸ்எஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் மூன்றும் பெட்டியின் அகலத்தை அளந்து முப்புள்ளி வைக்கத் தெரிந்தவை. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: காட்சியில் மட்டும் வெட்டும்போது முழு வாசகம் உள்ளே அப்படியே இருக்கும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் முழுவதையும் படிக்கும். சர்வரிலேயே வெட்டி அனுப்பினால் அவருக்கும் அறுந்த சொல்தான் காதில் விழும்.

எங்கே வெட்டுவது என்பதில் வால்தான் வழி என்று இல்லை. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் தலை, நடு, வால் மூன்றிலும் வெட்ட இடம் தருகின்றன. கோப்புப் பெயர்களுக்கு நடுவெட்டு: "குடும்ப அட்டை…2023.பிடிஎஃப்" என்றால் என்ன, எந்த ஆண்டு, என்ன வகை எல்லாம் தெரிகிறது. வங்கிக் கணக்கு எண்ணுக்குக் கடைசி நான்கு இலக்கம் போதும். தொகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். "₹1,25…" என்று ஒரு திரையில் பார்த்திருக்கிறேன், அதைவிட ஆபத்தான முப்புள்ளி கிடையாது. அறுந்த பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. "கார்த்திகே…க்கு ₹500 அனுப்பு" என்பது தமிழே அன்று. "பெறுநர்: கார்த்திகேயன்" என்று ஒரு வரி, "₹500 அனுப்பு" என்று கீழே ஒரு வரி. மாறும் பெயரை எப்போதும் தனியாக நிற்க விட்டால் "க்கு", "இன்", "ஐ" தகராறு எதுவும் வராது.

வெட்டுவதற்கு முன் இரண்டாவது வரிக்கு இடம் கொடுக்க முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் ஒருமுறை கேளுங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஆறு ஏழு இடங்களில் முடியும், யாரும் கேட்காததால்தான் ஒரு வரியில் அடைத்திருப்பார்கள். ஒரே சொல் வரியைத் தாண்டினால் நடுவில் மடக்கலாம். நம் செய்தித்தாள்களின் குறுகிய பத்திகளில் இணைகோடு இல்லாமலே சொல் மடிந்து கீழே இறங்குவதைப் படித்துத்தான் வளர்ந்தோம். புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வரி உயரத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த உயரத்தில் "ழு", "ஞு" போன்றவற்றின் அடிப்பகுதி நறுக்கப்படும், மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் உரசும். எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் நான் வைக்கிறேன். இது விதி அன்று, எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். எழுத்தளவைச் சுருக்கிப் பெட்டியில் திணிப்பதை மட்டும் கடைசி வழியாகக்கூட நான் ஏற்பதில்லை. தமிழ் எழுத்தின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். அகலம் குறைந்த எழுத்துரு வேண்டுமானால் நோட்டோ சான்ஸ் தமிழில் ஒடுங்கிய வடிவங்கள் இருக்கின்றன, அவற்றைத் தலைப்புகளில் பயன்படுத்திப் பார்க்கலாம்.

குறுஞ்செய்தியும் அனுப்புவீர்கள் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் வரம்பு 70 ஆகிவிடும், அதுவும் குறியீட்டுக் கணக்கில். நீண்டு இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. இங்கே மட்டும் நீங்கள் கேட்ட எண் உண்மையாகவே இருக்கிறது. 70 குறியீட்டில் தொகையும் தீர்ப்பும் முதல் இருபதுக்குள் வந்துவிட வேண்டும்.

நான் சொன்னதெல்லாம் கைபேசித் திரை, இணையப் பக்கம் ஆகிய இரண்டிலும் பழகியவை. ஓடும் எழுத்துப் பலகை, கைக்கடிகாரம் போன்றவற்றில் நான் வேலை செய்ததில்லை, அங்கே இதே முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனைக்கு ஆண்ட்ராய்டில் உள்ள போலி மொழி வசதி ஆங்கில எழுத்துகளை நீட்டி அகலப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். தமிழின் உயரமும் கொத்தும் அதில் வெளிப்படாது. அதற்கு நான் எல்லாப் பெட்டியிலும் முதலில் போட்டுப் பார்ப்பது ஒரே ஊர்: ஸ்ரீவில்லிபுத்தூர். மேலே புள்ளியும் சுழியும் இருக்கிறது, கீழே இறங்கும் "பு" இருக்கிறது, "தூ" இருக்கிறது, தொடக்கத்திலேயே "ஸ்ரீ" இருக்கிறது. 18 குறியீடு, நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, கொத்துக் கணக்கில் ஒன்பது. விலை குறைந்த கைபேசி ஒன்றை எடுத்து, எழுத்தளவை உச்சத்தில் வைத்து, உங்கள் பயணச்சீட்டுப் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள். எங்கே உடைகிறது என்று படத்தோடு இங்கே போட்டால் அந்தத் திரைக்கு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.